நான்கு வன்தட்டுகளும் ஒரு பெட்டியும்

புலம்பெயர்ந்த குடும்பமொன்றின் உடைமைகளுள் ஈடுசெய்ய இயலாதவை அதன் பதிவுகளே. ஊரில் எடுத்த கலியாண வீடியோக்கள், காணி உறுதி, பிறப்பத்தாட்சிப் பத்திரம், அகதி விண்ணப்பத்துடன் கொடுத்த வாக்குமூலம் ஆகியன ஒவ்வொன்றாகக் கணனிக்குள் புகுந்தன. பின்னர் கணனியும் நிரம்பி, மேசை லாச்சிக்குள் மூன்று நான்கு வன்தட்டுகளாகச் சிதறிக் கிடக்கின்றன. சிட்னியின் வடமேற்கே கெல்லிவில்லில் நாம் அண்மையில் சென்றிருந்த இல்லமொன்றிலும் இதே நிலைதான். அவ்வீட்டார் நான்கு வன்தட்டுகள் செருகக்கூடிய வெளிப்பெட்டி ஒன்றை வாங்கி வைத்திருந்தனர். அதனை மேசைக்கணனியுடன் இணைக்கையில் எழுந்த கேள்விகள் எம்மவர் பலருக்கும் எழக்கூடியவை.

இத்தனை பெரிய பெட்டி தேவைதானா என்பது முதற் கேள்வி. டி.வி. எனப்படும் டிஜிற்றல் வடிவில் ஒரு மணிநேர ஒளிநாடா ஏறத்தாழ 13 கிகாபைற் இடத்தைப் பிடிக்கும். மூன்று மணிநேர நாடாக்கள் நூறு இருப்பின் ஏறத்தாழ 4 ரெராபைற் வேண்டும். கலியாணம், பூப்புனித நீராட்டு, அரங்கேற்றம் என்று எதையும் விடாமல் படமெடுத்த சமூகம் நாம். நூறு நாடா பெரிய தொகையன்று.

இனி இணைப்பு. மேசைக்கணனிக்குரிய மூன்றரை அங்குல வன்தட்டு சுழல்வதற்கு 12 வோல்ற் மின்சாரம் வேண்டும். சாதாரண யூ.எஸ்.பி. துளை தருவதோ 5 வோல்ற். ஆகவேதான் பெட்டியுடன் தனி அடப்டர் வருகிறது; வேறொரு சாதனத்தின் அடப்டரை, முனை பொருந்துகிறதே என்று செருகுவது ஆபத்து. வயரைக் கணனியின் பின்புறத் துளையிலே நேரடியாகச் செருகுவது நன்று. பழைய யூ.எஸ்.பி. 2 துளை நடைமுறையில் வினாடிக்கு 35 மெகாபைற் அளவே கடத்தும். அதன்வழி 4 ரெராபைற்றைப் பிரதி செய்ய ஒன்றேகால் நாளுக்கு மேலாகும். யூ.எஸ்.பி. 3 துளையில் வன்தட்டின் வேகமே எல்லை என்பதால் ஏழெட்டு மணிநேரத்தில் அலுவல் முடிந்துவிடும். சில பெட்டிகளில் ஈ-சாட்டா எனும் துளையும் உண்டு. ஒரே வயரில் பல தட்டுகளைப் பிரித்தறியும் வசதி கணனியில் இல்லாவிடின் அதன்வழி முதலாவது தட்டு மட்டுமே தெரியும். மற்ற மூன்றும் பழுதென்று எண்ணி அவற்றை எறிந்துவிடலாகாது.

பெட்டியை இயக்கியதும் பலர் இடறும் இடம் ஒன்றுண்டு. வெறுந்தட்டாயின் விண்டோஸ் அதனை ஆயத்தம் செய்யவா என்று கேட்கும்; ஜி.பி.ரி. முறையைத் தெரிவு செய்ய வேண்டும். பழைய எம்.பி.ஆர். முறை 2 ரெராபைற்றுக்கு அப்பால் எட்டாது. ஆனால் ஏற்கெனவே படங்கள் நிரம்பிய தட்டைச் செருகியபோதும் இதே கேள்வியோ, 'ஃபோமற்' செய்யவா என்ற கேள்வியோ எழலாம். முன்பு வேறொரு பெட்டியில் இருந்த தட்டும், மக் கணனியில் எழுதப்பட்ட தட்டும் இவ்வாறு அந்நியமாகத் தோன்றுவதுண்டு. அப்போது 'ஆம்' என்று அழுத்தவே கூடாது. தட்டைக் கழற்றிப் பழைய இடத்திலேயே செருகி, உள்ளதைப் பிரதி செய்துகொண்ட பின்னரே மேற்கொண்டு செல்ல வேண்டும்.

பெட்டியின் பின்புறத்தில் சிறிய ஆளி ஒன்று இருப்பதுண்டு. அது றெயிட் முறையைத் தெரிவு செய்வது. 1988 இல் கலிபோர்னியாவின் பேர்க்லிப் பல்கலைக்கழகத்தில் பற்றர்சன், கிப்சன், காற்ஸ் ஆகிய மூவர், மலிவான தட்டுகள் பலவற்றை ஒன்றுசேர்க்கும் இந்த வழியை விளக்கிக் கட்டுரை எழுதினர். பூச்சிய முறையில் தட்டொன்று பழுதானால் நான்கிலுமுள்ள யாவும் போய்விடும். ஐந்தாம் முறையில் 4 ரெராபைற் தட்டுகள் நான்குக்குப் 12 ரெராபைற் இடம் கிடைக்கும். தட்டொன்று பழுதாயினும் பதிவுகள் தப்பும். ஆளியை மாற்றினால் பொதுவாக உள்ளிருப்பவை அழியும் என்பதால், தொடக்கத்திலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

கடைக்காரர் இதனைப் 'பாதுகாப்பு' என்று சொல்லி விற்பார். எமக்கு அதில் உடன்பாடில்லை. தவறுதலாக அழித்த கோப்பு நான்கு தட்டிலும் ஒருங்கே அழியும். தீ, வெள்ளம், திருட்டு என்பவற்றுக்கு நான்கு தட்டும் ஒரே பெட்டிதான். 1981 மே 31 ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறிடத்திற் பிரதி இருந்த அச்சு நூல்களைப் பின்னர் தேடிச் சேர்க்க முடிந்தது. ஒற்றைப் பிரதியாக இருந்த ஏடுகளோ போனவை போனவைதாம். 2005 இல் தொடங்கப்பெற்ற 'நூலகம்' மின்னூலகம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவாக்கி யாவருக்கும் திறந்து வைத்திருப்பதன் பெறுமதி இங்கேதான் விளங்கும். ஏட்டுக் காலத்தவரும் செல்லரிக்குமுன் புதிய ஓலைக்குப் பெயர்த்தெழுதினர். வன்தட்டுக்கும் ஆயுள் உண்டு. சில ஆண்டுகளில் அதனையும் பெயர்த்தெழுத வேண்டியதே.

ஆகவே கெல்லிவில் வீட்டாருக்கு நாம் சொன்னது இதுதான்: பெட்டியில் ஒரு பிரதி, அதற்குப் புறம்பாகத் தனித்தட்டில் இன்னொரு பிரதி, மூன்றாவது மெல்பேர்ணிலுள்ள தங்கை வீட்டில். வாக்குமூலங்களில் ஊரிலுள்ள உறவினர் பெயர்கள் இருக்குமாதலால், வெளியே செல்லும் தட்டை வேராகிரிப்ற் போன்ற இலவச மென்பொருளால் பூட்டியே அனுப்ப வேண்டும். கடவுச்சொல்லை அதே பொதியில் எழுதி வைப்பவர்களையும் நாம் கண்டிருக்கிறோம்!

பெட்டியை அவர்கள் கராஜில் வைக்க எண்ணியிருந்தனர். 2020 ஜனவரி 4 ஆம் திகதி மேற்குச் சிட்னியின் பென்றித்தில் வெப்பம் 48.9 பாகையைத் தொட்டது. பெரும்பாலான வன்தட்டுகளுக்கு 60 பாகையே உச்ச வரம்பு. சுழலும் தட்டு தானும் சூடாகும். அதனாற் பெட்டி இப்போது வீட்டினுள்ளே, காற்றாடிப் பக்கம் சுவரில் முட்டாதபடி, படிப்பறை மேசையில் இருக்கிறது. மெல்பேர்ணுக்குரிய தட்டில் 1986 ஆம் ஆண்டுக் கலியாண வீடியோவைத் திறந்து, கடைசி நிமிடம்வரை ஓடுகிறதா என்று பார்த்த பின்னரே அதனைப் பொதி செய்தனர்.