சிம்மக்கல்லும் வைகையும்

மதுரையில் வடக்கு வெளி வீதியை ஒட்டி, வைகையின் தென்கரையில் உள்ளது சிம்மக்கல். கல்லிற் செதுக்கிய சிங்கத்தால் இப்பகுதி பெயர் பெற்றது. பக்கத்து யானைக்கல்லின் பெயரும் அத்தகையதே. பழைய சொக்கநாதர் ஆலயம் இதன் தொன்மைக்குச் சான்று.

கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில், நகரைச் சூழ்ந்திருந்த கோட்டை மதில் இடிக்கப்பட்டது. மதிலை இடித்து அகழியைத் தூர்ப்போருக்கே அந்நிலம் என்று விளம்பரம் செய்யப்பட்டது. உத்தரவு அந்நிய சர்க்காருடையது. உழைப்போ மதுரை ஜனங்களுடையது. அவ்வாறே வெளி வீதிகள் தோன்றின. 1889-இல் ஆல்பர்ட் விக்டர் பாலம் அமைந்து, இக்கரையையும் கோரிப்பாளையத்தையும் இணைத்தது.

சித்திரைதோறும் அழகர் ஆற்றில் இறங்குங்கால், இரு கரைகளிலும் லட்சக்கணக்கான ஜனங்கள் கூடிக் கைகூப்புகின்றனர். திருவிழா முடிந்ததும், அதே ஆற்றில் சாக்கடை நீர் கலப்பதைக் கண்டும் காணாதவர்போல் பாலத்தைக் கடந்து செல்கிறோம். இது பக்திக்கு அழகாகுமா? மாநகராட்சியின் கடமையை நாம் மறுக்கவில்லை. ஆயினும், கேட்பாரற்ற இடத்தில் கடமை உறங்கிவிடும். சிம்மக்கல் வாசிகள் தெருத்தோறும் கூடி, கழிவு நீர் எவ்வழியே ஆற்றில் விழுகிறதென்று கண்டறிந்து, அதிகாரிகளை இடைவிடாது வற்புறுத்துதல் வேண்டும்.

மதிலை இடித்தோர்க்கு அன்று நிலம் கிடைத்தது. நாம் முயன்றால் கிடைக்கப்போவது ஓர் ஆறு. அதனினும் பெரிய ஊதியம் வேறு உண்டோ?