‘மெய்யழகன்’: எல்லோரும் அழுத படம் எனக்கு ஏன் ஏமாற்றம்?

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எனக்குத் தெரிந்தவர்களில் ‘மெய்யழகன்’ பார்த்துக் கண்கலங்காதவர்கள் மிகக் குறைவு. ‘96’ எடுத்த சி. பிரேம்குமாரின் அடுத்த தமிழ்ப் படம் இது. 2024 செப்டெம்பரில் வெளியானது. அவ்வளவு பாராட்டையும் கேட்டுவிட்டுப் பார்த்ததாலோ என்னவோ, எனக்கு அது ஒட்டவில்லை. (இனி வருவதில் படத்தின் முடிவும் இருக்கிறது.)

1996இல் சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்குப் போகிறது ஒரு குடும்பம். 22 வருடங்களுக்குப் பிறகு மகன் அருள்மொழி, அரவிந்த்சாமி, ஒரு கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். ‘அத்தான், அத்தான்’ என்று ஒட்டிக்கொள்ளும் உறவுக்காரனாக கார்த்தி. ஒருவர் வாய் திறக்காதவர், மற்றவன் வாய் மூடாதவன். அருளுக்கு அவனுடைய பெயரே ஞாபகம் வரவில்லை. அதைக் கேட்கவும் கூச்சம்.

வீட்டை விட்டு வெளிக்கிடும் முதல் காட்சிகளைக் குறைசொல்ல மாட்டேன். வீடு இழந்தவர்களுக்கு அந்த அமைதி தெரியும்.

பிரச்சினை சைக்கிளில் தொடங்குகிறது. அருள் குடும்பம் விட்டுப்போன சைக்கிளை எடுத்துப் பாவித்துத்தான் தன் வீடு தலையெடுத்தது என்கிறான் கார்த்தி. விட்டுவிட்டு வந்தது இன்னொருவரை வாழவைத்திருக்கிறது என்று கேட்க யாருக்குத்தான் ஆசை இல்லை? ஆனால் நாங்கள் விட்டுவந்த சைக்கிள்கள் 2009 மே மாதத்துக்குப் பிறகு முள்ளிவாய்க்கால் பக்கம் குவியலாகத் துருப்பிடித்துக் கிடந்தன. வலிகாமம் வடக்கில் 1990இல் விட்ட காணிகளில் ஒரு பகுதி இன்னமும் இராணுவத்திடம்தான். நன்றி சொல்ல அங்கே யாரும் காத்திருக்கவில்லை.

படத்தில் நிற்பவனுக்குப் போனவன் மீது ஒரு துளி கோபமும் இல்லை. ‘ஏன் ஒருநாளாவது வரவில்லை?’ என்று அவன் கேட்பதில்லை. பியர் ஊற்றுகிறான், சோறு போடுகிறான், பிறக்கப்போகும் பிள்ளைக்கும் அத்தானின் பெயரைத்தான் வைப்பேன் என்கிறான். குற்றவுணர்வு தாங்காமல் அருள் விடியுமுன் ஓடிவிடுகிறார். அதற்கும் கார்த்தியிடம் மன்னிப்பு தயாராக இருக்கிறது. மறுக்கவே தெரியாத ஒருவனோடு நட்பு எப்படி வரும்? அது ஆறுதல் மட்டும்தான்.

2003இல் வந்த ‘அன்பே சிவம்’ படத்தை நினைத்துப் பாருங்கள். புவனேஸ்வரில் அகப்பட்ட கம்யூனிஸ்டும் விளம்பரப்பட இளைஞனும் சண்டை பிடித்துக்கொண்டேதான் சென்னை வரை வருகிறார்கள். கடைசியில் ஒருவர் தன் காதலையே விட்டுக்கொடுத்துப் போகிறார். அன்று அந்தப் படம் வசூலில் தோற்றது. பொருந்தாத இருவரின் கதையில் யாராவது எதையாவது இழக்கவேண்டும் என்பது அதற்குத் தெரிந்திருந்தது.

இன்னொன்று. அந்த இரவுப் பேச்சில் ஈழப்போரும் வருகிறது. இங்கே பலருக்குப் படம் பிடித்ததற்கு அதுவும் காரணம். ஆனால் நீளம் கூடிவிட்டதென்று, வெளியாகிச் சில நாட்களிலேயே ஏறத்தாழ 18 நிமிடங்கள் வெட்டப்பட்டன. ஜல்லிக்கட்டோடு சேர்த்துப் போர் பற்றிய பேச்சிலும் கத்தி விழுந்தது. எடிட்டரைக் குறைசொல்லவில்லை. எடுத்தாலும் கதை அப்படியே நிற்கிறது. எங்களை வைத்திருந்த இடம் அப்படி.

எங்களிடம் இருக்கும் பொருந்தாத நண்பர்கள் வேறு விதம். கனடாவிலிருந்து வருபவர் வெள்ளவத்தைத் தொடர்மாடியில் தங்குகிறார். வன்னியில் நின்ற கூட்டாளி இரவு பஸ் பிடித்து வருகிறார். காலி வீதிச் சாப்பாட்டுக் கடையில் பழைய வாத்தியார்களைப் பற்றிக் கதைத்துச் சிரிக்கிறார்கள். பில்லை யார் கட்டுவதென்று இழுபறி நடக்கிறது, கடைசியில் கனடாக்காரர்தான் கட்டுகிறார், மற்றவரின் முகம் கொஞ்சம் சுருங்குகிறது. 2009இல் எங்கே நின்றாய், என்ன செய்தாய் என்று இருவரும் கேட்பதில்லை. அந்த இரண்டு பேரையும் வைத்து யாராவது படம் எடுத்தால், மூன்று மணித்தியாலமும் இருந்து பார்ப்பேன்.