கெடிலம் முதல் ஆம்ஸ்டல் வரை – 7: எந்த ஊர்ச் சாமி?

பண்ருட்டி பலா மண்டியில் முதலில் ஊரைத்தான் கேட்பார்கள், விலை அப்புறம். "எந்த ஊரு காய்?" பணிக்கன்குப்பமா, கீழ்மாம்பட்டா, காடாம்புலியூரா என்று தெரிந்த பிறகுதான் என் மாமா விரல் முட்டியால் பழத்தைத் தட்டிப் பார்ப்பார். ஊர் தெரிந்தால் மண் தெரியும், மண் தெரிந்தால் சுளை தெரியும் என்பது அவர் கணக்கு. வண்டிக்காரர் ஊரைச் சொல்லத் தயங்கினால் அந்தச் சுமையை ஓரமாக இறக்கச் சொல்லிவிடுவார்.

அந்தக் கேள்வி ஆம்ஸ்டர்டாம் வரை என்னோடு வந்தது.

ரைக்ஸ்மியூசியம் என்பது நெதர்லாந்தின் தேசிய அருங்காட்சியகம். பியர் கைப்பர்ஸ் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1885-ல் திறந்த செங்கல் மாளிகை. கட்டடத்தின் நடு வயிற்றைக் குடைந்துகொண்டு ஒரு பொதுப் பாதை போகிறது. வேலைக்குப் போகிறவர்கள் அதன் வழியாக சைக்கிளில் விரைகிறார்கள். பத்தாண்டுகள் மூடிவைத்துப் புதுப்பித்து 2013-ல் மறுபடி திறந்தபோதும் அந்தப் பாதையை விட்டுக்கொடுக்க ஊர் மக்கள் சம்மதிக்கவில்லை. தேரடி வழியைப் போல, அது அவர்களுடைய வழி.

மாடியில், கோயில் கருவறை இருக்க வேண்டிய இடத்தில் ரெம்ப்ராண்டின் 'இரவுக் காவல்' இருக்கிறது. 1642-ல் வரைந்தது. உயரம் பன்னிரண்டு அடிக்கு மேல், அகலம் பதினைந்து அடியை நெருங்குகிறது. தளபதி ஃபிரான்ஸ் பானிங் கோக் கையை நீட்டி நடக்க, பின்னால் ஈட்டியும் துப்பாக்கியுமாக ஊர்க்காவல் படை கலைந்து கிளம்புகிறது. இப்போது பார்ப்பது முழு ஓவியம்கூட இல்லை. 1715-ல் நகர மன்றத்துச் சுவருக்குப் பொருந்தவில்லை என்று நான்கு பக்கமும் வெட்டிவிட்டார்கள். வெட்டிய துண்டுகள் கிடைக்கவே இல்லை.

கூட்டம் தளபதியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் பார்த்தது பின்னால் மங்கலாகத் தெரியும் ஒரு கேடயத்தை. அதில் பதினெட்டுப் பெயர்கள் எழுதியிருக்கின்றன. ரெம்ப்ராண்ட் வரைந்து முடித்த சில ஆண்டுகள் கழித்து யாரோ சேர்த்தது. படத்தில் தங்கள் முகம் வர வேண்டும் என்று தலைக்கு ஏறத்தாழ நூறு கில்டர் கொடுத்த ஆட்கள் அவர்கள். துணி வியாபாரியும் கடைக்காரரும் அதில் உண்டு. வருங்காலத்தில் யார் எவர் என்று தெரியாமல் போய்விடும் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. எழுதிவைத்தார். முந்நூற்றெழுபது ஆண்டு கழித்தும் அந்தப் பதினெட்டுப் பேருக்கும் பெயர் இருக்கிறது.

அதே கூடத்தில் வெர்மீரின் பால் ஊற்றும் பெண் இருக்கிறாள். ஒன்றரை அடி உயரத்துச் சின்னப் படம். ஜன்னல் வெளிச்சத்தில் ரொட்டியின் மேல்தோல்கூடப் பளபளக்கிறது. அந்த வேலைக்காரப் பெண்ணுக்குப் பெயர் இல்லை. அவளுக்காக யாரும் கேடயம் மாட்டவில்லை.

ஆசியக் கலைக்கு, வெளியே நீர் சூழ்ந்த தனிக் கட்டடம். கல்லும் கண்ணாடியுமாக, சத்தமே இல்லாத இடம். படியிறங்கிப் போய்த் திரும்பினால் அவர் நிற்கிறார்.

நடராசர்.

ஐந்தடி உயரம். சரியாகச் சொன்னால் 153 சென்டிமீட்டர். எடை சுமார் 300 கிலோ. உடுக்கையும் தீயும் அபயமும் தூக்கிய திருவடியும் அப்படியே. காலடியில் முயலகன். சுற்றிலும் தீச்சுடர் தெறிக்கும் திருவாசி. கண்ணாடிப் பெட்டி கிடையாது, திரை கிடையாது, தீபாராதனைக்குக் காத்திருக்க வேண்டியதும் இல்லை.

நான் வளர்ந்தது திருவதிகை வீரட்டானேசுவரர் கோயில் நிழலில். அப்பாவுக்கு நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை. ஆருத்ரா தரிசனம் என்றால் விடியற்காலைக் குளிரில் அம்மா என்னை எழுப்பி இழுத்துக்கொண்டு போவாள். பட்டும் மாலையும் வில்வமும் மூடிய திருமேனியில் முகமும் தூக்கிய பாதமும் மட்டும் தெரியும். நெய்வேலி நகரியத்துக் கோயிலில் பத்தடிக்கு மேல் உயரமுள்ள ஐம்பொன் நடராசர் இருக்கிறார். அவரையும் அண்ணாந்து முன்னாலிருந்துதான் பார்த்திருக்கிறேன். முதுகை ஒருநாளும் பார்த்ததில்லை. ஆம்ஸ்டர்டாமில்தான் முதல்முறையாக அவரைச் சுற்றி வந்தேன். முதுகுத்தண்டு இடுப்பில் வளைந்து, எடை முழுவதும் ஊன்றிய வலக்காலில் இறங்குவது அங்கேதான் தெரிந்தது. யாருக்கும் தெரியப்போவதில்லை என்று அந்தச் சிற்பி பின்பக்கத்தை விட்டுவிடவில்லை.

இவருடைய எடைக்குப் பின்னால் ஒரு சேதி இருக்கிறது. இந்தத் திருமேனி உள்ளே பொள்ளலா, கட்டியா என்று அருங்காட்சியகத்தார் அறிய விரும்பினார்கள். அதற்கு ரோட்டர்டாம் துறைமுகத்தில் சுங்கத்துறை சரக்கு லாரிகளைச் சோதிக்கும் எக்ஸ்ரே தேவைப்பட்டது. நடராசரை லாரியில் ஏற்றி அதன் வழியாகக் கொண்டுபோனார்கள். திருவாசி உட்பட முழுக்கக் கட்டியாக வார்த்தது என்று தெரிந்தது.

சுவாமிமலைப் பட்டறையைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பிருக்காது. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து முழு உருவத்தையும் மெழுகில் பிடிப்பார்கள். காவிரி வண்டலை அதன்மேல் மெல்லப் பூசிக் காயவிட்டு, பிறகு சூடு காட்டினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்தக் காலியிடத்தில் உலோகக் குழம்பை ஒரே மூச்சில் ஊற்ற வேண்டும். மண் கூட்டை உடைத்தால் உருவம் வெளியே வரும். அச்சு ஒருமுறைக்குத்தான், அதேபோல் இன்னொன்று வராது. முந்நூறு கிலோ உலோகத்தை இடையில் ஆறவிடாமல் ஊற்ற எத்தனை உலை மூட்டியிருப்பார்கள், எத்தனை பேர் நின்றிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே நின்றேன்.

பிறகு விவரச் சீட்டைப் படித்தேன். சிவ நடராசர், தமிழ்நாடு, பன்னிரண்டாம் நூற்றாண்டு. முடிந்தது.

படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் போன் வந்தது.

"எந்த ஊரு சாமிப்பா இது?"

"ஆம்ஸ்டர்டாம் மியூசியத்துல இருக்கும்மா."

"இருக்கறது தெரியுது தம்பி. எந்த ஊர்ல இருந்து போனாரு?"

பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. சீட்டிலும் இல்லை. ஆசியக் கலை நண்பர்கள் சங்கம் என்று ஆம்ஸ்டர்டாமில் ஒரு அமைப்பு 1918-ல் தொடங்கப்பட்டது. அவர்கள் 1935-ல் இந்தத் திருமேனியைப் பாரிஸில் இருந்த சி.டி.லூ என்ற புகழ்பெற்ற கலைப்பொருள் வணிகரிடம் விலைக்கு வாங்கினார்கள். 1935-க்குப் பிந்திய ஒவ்வொரு நகர்வுக்கும் தாள் இருக்கிறது. அதற்கு முந்தைய எண்ணூறு ஆண்டும் 'தமிழ்நாடு' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டது. ஆண்டுக்கு ஆறு நாள் அபிஷேகம் கண்ட சாமி இவர். எந்த வீதியில் உலா வந்தார், எந்த ஊர்க்காரர்கள் தோள் கொடுத்தார்கள் என்பதெல்லாம் அந்தச் சொல்லுக்கு வெளியே நிற்கிறது.

பெயர் எழுதும் பழக்கம் நமக்கு இல்லாமல் இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள், செப்புத் திருமேனி ஒவ்வொன்றையும் முழமும் விரலுமாக அளந்து சொல்கின்றன. கை எத்தனை, பீடம் எவ்வளவு, செய்வித்தவர் யார், சாத்திய நகையில் முத்து எத்தனை என்று வரிசையாக வரும். கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரின் பெயரும், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார்கள் என்பதும், தெருவில் எத்தனையாவது வீடு என்பதும் கல்லில் இருக்கின்றன. ஆயிரம் ஆண்டுக்கு முன் இவ்வளவு கவனமாகக் கணக்கு வைத்தவர்களின் பிள்ளைகள் நாம். அந்தக் கை எப்போது நின்றது?

நின்றதால் வந்த நட்டம் எங்கள் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. பண்ருட்டியிலிருந்து நெய்வேலியைத் தாண்டிப் போனால் விருத்தாசலம். விருத்தகிரீசுவரர் கோயில் சுவர் மாடத்தில் இருந்த அர்த்தநாரீசுவரர் கற்சிலை களவுபோய், 2004-ல் சிட்னியிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்துக்கு விலைபோனது. மீட்டது எப்படி? புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் நம் கோயில்களில் முன்பே எடுத்துவைத்திருந்த புகைப்படங்களில் அந்தச் சிலை, அந்த மாடத்தில், அந்த ஊர்ப் பெயரோடு இருந்தது. மறுக்க வழியில்லை. அரியலூர் மாவட்டம் சிறீபுரந்தான் கோயிலிலிருந்து போய் 2008-ல் கான்பெராவில் வாங்கப்பட்ட நடராசரும் இந்த அர்த்தநாரியும் 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் கையால் டெல்லியில் திரும்ப வந்தார்கள். ஊர்ப் பெயர் எழுதிய ஒரு பழைய படம் செய்த வேலை அது.

ஆம்ஸ்டர்டாம் நடராசர் களவுபோனவர் என்று நான் சொல்லவில்லை. சொல்ல என்னிடம் சான்று இல்லை. படையெடுப்புக் காலத்தில் மண்ணுக்குள் ஒளித்துவைத்து, பிறகு ஏர்முனையில் தட்டுப்பட்ட திருமேனிகள் நம் நாட்டில் ஏராளம். யாரோ விற்றிருக்கலாம், யாரோ வாங்கியிருக்கலாம். ஊர் தெரியாதவரை எதையும் பேச முடியாது என்பதுதான் என் வருத்தம்.

அன்று மாலை துணிகள் இருக்கும் பகுதிக்குப் போனேன். பதினெட்டாம் நூற்றாண்டில் டச்சுச் செல்வர்கள் வீட்டுக்குள் உடுத்திய நீள அங்கி ஒன்று. சிவப்புப் பூவும் நீலக் கொடியுமாகக் கையால் எழுதிய பருத்தித் துணி. நாம் சீட்டி என்போம், அவர்கள் சிட்ஸ் என்கிறார்கள். சாயவேரின் சிவப்பும் அவுரியின் நீலமும் இன்னும் வெளுக்கவில்லை. சீட்டில் சோழமண்டலக் கரை என்று மட்டும் இருக்கிறது. பழவேற்காடு, நாகப்பட்டினம் என்று அந்தக் கரை நீள்கிறது. செஞ்சி நாயக்கரிடம் அனுமதி வாங்கி டச்சுக்காரர்கள் 1608-ல் கால் ஊன்றிய தேவனாம்பட்டினமும் அதில்தான் இருக்கிறது. திருவதிகையைத் தொட்டு ஓடும் எங்கள் கெடிலம் கடலில் கலப்பது அங்கேதான். அங்கிருந்தும் துணி கப்பலேறியது. நான் பார்த்த அங்கியின் நூல் எந்தத் தறியில் ஓடியது என்பதற்கு ஒரு எழுத்தும் இல்லை.

ஊர்ப் பெயர் இருந்தும் மாறிப்போன கதையும் உண்டு. நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரைக்கு இராசராசன் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைக் கொடுத்ததைச் சொல்லும் இருபத்தொரு செப்பேடுகள், 1862-ல் லைடன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஊர் எல்லையைப் பெண் யானையை நடக்கவிட்டுக் குறித்தது வரை அதில் எழுதியிருக்கிறது. அப்படியும் நம் பாடநூல்களே அதை 'லைடன் செப்பேடு' என்றுதான் நமக்குச் சொல்லிக் கொடுத்தன. ஆனைமங்கலம் செப்பேடு என்பதே அதன் பெயர். லைடன் நகரத்தைப் பற்றி அடுத்த வாரம் தனியாக எழுதுகிறேன்.

புறப்படும் முன் மறுபடி நடராசரிடம் போனேன். ஒரு டச்சுப் பாட்டி பேத்தியைக் கூட்டி வந்து, முயலகனைச் சுட்டிக்காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். குழந்தை தரையில் உட்கார்ந்து, தூக்கிய பாதத்தை நோட்டில் பென்சிலால் வரைந்தது. அந்த அன்பு உண்மையானது. அவர்கள் அவரை நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனாலும் வாசலைத் தாண்டும்போது அம்மாவின் கேள்வி கூடவே வந்தது.

வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஊர்க் கோயிலில் உற்சவத் திருமேனிகள் எத்தனை? சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், அம்மன், நால்வர் என்று பெயர் சொல்ல முடியுமா? அடுத்த திருவிழாவில் சாமி வீதிக்கு வரும்போது குருக்களையும் ஊர்ப் பெரியவர்களையும் கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். உயரம் எத்தனை சாண், கையில் என்ன, பீடத்தில் எழுத்து உண்டா என்று பாருங்கள். அனுமதிக்கிற இடத்தில் படம் எடுங்கள். மேலே ஊர்ப் பெயரையும் கீழே தேதியையும் போட்டு, ஒரு பிரதியைக் கோயிலில் கொடுங்கள், ஒன்றை வீட்டில் வையுங்கள். திருவதிகைக்கு நான் தொடங்கிவிட்டேன்.