பாறை ஏறுவோரின் தாங்குதிறனும் அதனை வளர்க்கும் முறையும்

டார்ஜிலிங்கில் 1954-ஆம் ஆண்டில் இமாலய மலையேறும் பயிற்சிக் கழகமும், உத்தரகாசியில் 1965-ஆம் ஆண்டில் நேரு மலையேறும் பயிற்சிக் கழகமும் தோன்றிய பின்னர், பாறை ஏறுதல் நம் நாட்டில் முறையாகக் கற்பிக்கப்படும் கலையாயிற்று. 2021-ஆம் ஆண்டு டோக்கியோவில் நடைபெற்ற ஒலிம்பிக் பந்தயங்களில் செயற்கைச் சுவர் ஏறுதல் முதன்முறையாக இடம் பெற்றது. இக்கலையைப் பயிற்றுவிக்கும் ஆசிரியர்கள் யாவரும் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். ஓட்டத்தில் முதல்வனாக வரும் மாணவன் பாறையில் சிறிது உயரம் ஏறியதும் நின்றுவிடுகிறான். மூச்சு வாங்கவில்லை, கால்களும் சோரவில்லை. ஆனால் முன்கை கல்லைப்போல் இறுகி, விரல்கள் தாமே விரிகின்றன. இது மனத்தளர்ச்சியன்று, உடலியலைச் சார்ந்த நிகழ்ச்சியாகும்.

களைப்பின் காரணம்

விரல்களை மடக்கும் முக்கியத் தசைகள் முன்கையில் அமைந்துள்ளன. அவை நீண்ட தசைநாண்களின் வாயிலாக விரல்களை இழுக்கின்றன. ஓடும்போது காலின் தசை மாறிமாறிச் சுருங்கித் தளர்கிறது. பாறையைப் பற்றும்போதோ முன்கைத் தசை தளராமல் சுருங்கியே நிற்கிறது. அவ்வாறு இறுகிய தசை தன்னுள் ஓடும் இரத்தக் குழாய்களையே நெருக்கிவிடுகிறது. பிராணவாயு வருவது குன்றுகிறது. கழிவுப் பொருள்கள் வெளியேற வழியின்றித் தேங்குகின்றன. களைப்புக்கு லாக்டிக் அமிலம் ஒன்றே காரணம் என்று முன்னர்க் கருதினர். தசையில் ஹைட்ரஜன் அயனிகளும் பாஸ்பேட்டும் மிகுதலும் காரணமாகும் என இன்று கருதப்படுகிறது.

ஜெர்மானிய அறிஞர் வால்ட்டர் ரோமெர்ட் 1960-இல் வெளியிட்ட ஆய்வு இங்கு நினைவுகூரத்தக்கது. ஒரு தசை தன் முழுவலிமையில் ஏறத்தாழ நூற்றுக்கு 15 பங்கை மட்டும் செலுத்தின் நெடுநேரம் தாங்கும் என்றும், பாதி வலிமையைச் செலுத்தின் ஏறத்தாழ ஒரு நிமிடமே தாங்கும் என்றும் அவர் காட்டினார்.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படும். விரலின் வலிமை வளர்ந்தால், அதே பிடி முழுவலிமையில் சிறிய பங்காகிவிடும். மேலும், ஒரு பிடியை விட்டு மறுபிடியைப் பற்றும் இடைவேளையில்தான் தசைக்கு இரத்தம் தாராளமாகப் பாய்கிறது. தேர்ந்தவர் கையைத் தொங்கவிட்டு உதறிக்கொள்வது இதன் பொருட்டேயாகும்.

பயிற்சி முறைகள்

முதற்படி, எளிய பயிற்சியை நெடுநேரம் செய்தல். தரையை ஒட்டிய எளிய பிடிகளில், இறங்காமல் 20 முதல் 30 நிமிடம் வரை பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருத்தல் வேண்டும். முன்கையில் இலேசான வெம்மை தோன்றலாம், இறுக்கம் தோன்றலாகாது. அருகிலிருப்பவருடன் தடையின்றிப் பேச இயல வேண்டும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் இவ்வாறு சில வாரங்கள் செய்துவரின், மயிரினும் மெல்லிய இரத்தக் குழாய்களாகிய தந்துகிகள் தசையில் பெருகும். பிராணவாயுவைப் பயன்படுத்தும் ஆற்றலும் உயரும்.

இரண்டாம் படி, இடைவெளிப் பயிற்சி. சற்றுக் கடினமான பாதையில் 2 முதல் 4 நிமிடம் ஏறி, அதே அளவு நேரம் ஓய்ந்து, மீண்டும் ஏறுக. நான்கு முறைக்கு மேல் வேண்டுவதில்லை. முதற்படியில் ஆறு வாரமேனும் பழகாதவருக்கு இதனை விதிக்கலாகாது.

விரல் வலிமையை மட்டும் வளர்க்கும் கடும் பயிற்சிகள், பல ஆண்டுப் பழக்கமுள்ள வளர்ந்தவர்க்கே உரியவை.

எச்சரிக்கை

தசை சில வாரங்களில் வலுப்பெறும். தசைநாண்களும், அவற்றை எலும்போடு சேர்த்துப் பிடிக்கும் வளையங்களும் வலுப்பெறப் பல மாதங்கள் ஆகும். ஆகவே, கை இயலும் என்று உணரும்போதே விரல் காயமுறக்கூடும். கடினமான இரு பயிற்சிகளுக்கிடையே 48 மணி நேர இடைவெளி நன்று.

வளரும் பருவத்து மாணவர்களிடம் மிகுந்த கவனம் தேவை. அவர்களுடைய விரல் எலும்புகளின் நுனியிலுள்ள வளர்ச்சித் தகடுகள் இன்னும் கடினமாகவில்லை. விரலின் நடுமூட்டின் புறப்பக்கத்தில் வலி உண்டெனின் ஏறுதலை உடனே நிறுத்தி, மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். வலியைப் பொறுத்துக்கொள்ளுமாறு ஊக்குவிக்கும் ஆசிரியர், அம்மாணவனின் விரல் வளர்ச்சிக்கே ஊறு செய்தவராவார்.

முன்னேற்றத்தை அளக்கக் கருவி எதுவும் வேண்டா. தாழ்ந்த சுவரில் சில பிடிகளைச் சுண்ணக்கட்டியால் குறித்து, அவற்றில் மாணவன் எத்தனை நிமிடம் நகர்கிறான் என்பதை மாதம் ஒருமுறை ஏட்டில் பதிந்து வருக. கூடவே, உடலின் பளுவைக் காலின்மீது நிறுத்தவும், வேண்டிய அளவுக்கு மேல் இறுகப் பற்றாதிருக்கவும் கற்பிக்க வேண்டும். சேமித்த வலிமையும் தாங்குதிறனே.

களைத்த கை கயிற்றில் முடிச்சினைச் சரிவர இடாது. தாங்குதிறன் பந்தய வெற்றிக்கு மட்டும் உரியதன்று. ஏறியவன் நலமாக இறங்கி வருவதற்கும் அதுவே துணையாகும்.