நம்பிய மென்பொருளை வைரஸ் என்று சொன்னால்...

பில் போடும் மென்பொருளின் புதிய பதிப்பை இன்ஸ்டோல் செய்யப் போகிறீர்கள். திரையின் மூலையில் எச்சரிக்கை ஒன்று தோன்றுகிறது. அடுத்த நிமிடம் கோப்பையே காணவில்லை. மென்பொருள் தந்தவருக்குத் தொலைபேசி எடுத்தால், "அது ஒன்றுமில்லை சேர், அன்டி வைரஸை ஓஃப் பண்ணிவிட்டுப் போடுங்கள்" என்கிறார். வற் வரி 15 வீதத்திலிருந்து 18 வீதமாக உயர்ந்த 2024 ஜனவரியில், கடைகளெல்லாம் ஒரே நேரத்தில் மென்பொருளை மாற்ற வேண்டியிருந்தபோது, நான் போன இடங்களில் இந்தக் கதையையே அதிகம் கேட்டேன். சிறு வர்த்தகர்களின் கணினிகளைப் பல வருடங்களாகப் பார்த்து வருபவன் என்ற வகையில் இது பற்றிச் சற்று விரிவாகச் சொல்வது பயனுள்ளது என நினைக்கிறேன்.

அவர் சொல்வது பொய்யல்ல. அன்டி வைரஸ்கள் தவறு செய்வதுண்டு. 2006 மார்ச் 10ஆம் திகதி மெக்அபீ நிறுவனம் வெளியிட்ட ஒரு புதுப்பிப்பு, மைக்ரோசொப்ட் எக்ஸெல்லையே வைரஸ் என்று பிடித்தது. உலகமே கணக்கு எழுதும் மென்பொருளுக்கே அந்த நிலை! அதே நிறுவனத்தின் 2010 ஏப்ரல் 21ஆம் திகதிப் புதுப்பிப்போ, விண்டோஸ் எக்ஸ்பி இயங்குவதற்கு இன்றியமையாத ஒரு கோப்பைப் பிடித்துப் பூட்டியதால் பல நாடுகளில் கணினிகள் திரும்பத் திரும்ப அணைந்து எழும்பின. 2022 செப்டெம்பரில் மைக்ரோசொப்டின் டிபென்டர், கூகிள் குரோமைச் சந்தேகித்து எச்சரித்தது. இவையெல்லாம் விரைவில் திருத்தப்பட்டன.

ஏன் இப்படி நடக்கிறது? அன்டி வைரஸை உங்கள் களஞ்சியசாலைக் காவலாளியாக எண்ணிக் கொள்ளுங்கள். அவனிடம் பிடிபட்ட திருடர்களின் கைரேகைப் பட்டியல் இருக்கிறது. அது பொருந்தினால் பிடிக்கிறான். பட்டியலில் இல்லாதவர்களை நடத்தையை வைத்து ஊகிக்கிறான். இரவில் மூட்டையோடு நடப்பவன் திருடனாகவும் இருக்கலாம், உங்கள் லொறிச் சாரதியாகவும் இருக்கலாம். மூன்றாவது, பழக்கம். பல இலட்சம் பேர் பாவிக்கும் கோப்பை அவனுக்குத் தெரியும். ஐம்பது கடைகள் மாத்திரம் பாவிக்கும் உள்ளூர் பில் மென்பொருளை அவன் கண்டதேயில்லை. அந்த மென்பொருள் சுருக்கிப் பொதி செய்யப்பட்டிருந்து, விண்டோஸ் அமைப்புகளிலும் கை வைத்து, டிஜிட்டல் கையொப்பமும் இல்லாதிருந்தால் சந்தேகம் உறுதியாகி விடுகிறது. கையொப்பச் சான்றிதழுக்கு ஆண்டுதோறும் டொலரில் பணம் கட்ட வேண்டும் என்பதால் நமது சிறு மென்பொருள்காரர்கள் பலர் அதை வாங்குவதில்லை. அடுத்த முறை மென்பொருள் வாங்கும்போது இதையும் ஒரு கேள்வியாகக் கேளுங்கள்.

ஆனால், "ஒன்றுமில்லை" என்ற பதிலை அப்படியே விழுங்கிவிடவும் முடியாது. 2023 மார்ச்சில் 3சி.எக்ஸ். எனும் அலுவலகத் தொலைபேசி மென்பொருளின் புதுப்பிப்பைச் சில பாதுகாப்பு மென்பொருள்கள் ஆபத்தானது என்று தடுத்தன. இது தவறான எச்சரிக்கையாக இருக்குமோ என்றே பாவனையாளர்கள் சிலர் எண்ணினர். சுமார் ஒரு வாரம் கழித்து உண்மை வெளிவந்தது. திருடர்கள் தயாரிப்பு நிறுவனத்துக்குள்ளேயே புகுந்து, அதன் அசல் கையொப்பத்துடனேயே நஞ்சைக் கலந்திருந்தார்கள். 2017 ஜூன் 27ஆம் திகதி நடந்தது இதைவிடப் பெரிது. உக்ரைனில் பரவலாகப் பாவிக்கப்பட்ட எம்.ஈ.டொக் எனும் வரிக் கணக்கு மென்பொருளின் புதுப்பிப்பு வழியாகவே நொட்பெட்யா பரவியது. நமது இறக்குமதியாளர்களுக்கு நன்கு தெரிந்த மேர்ஸ்க் கப்பல் கம்பனிக்கு அதனால் ஏற்பட்ட நட்டம் 25 கோடி முதல் 30 கோடி டொலர் என அக்கம்பனியே மதிப்பிட்டது.

ஆகவே, எச்சரிக்கை வந்தால் முதலில் அன்டி வைரஸை ஓஃப் செய்யாதீர்கள். கோப்பு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். வட்ஸ்அப்பில் வந்ததா, டெக்னீஷியனின் பென் ட்ரைவில் வந்ததா? பென் ட்ரைவ் விடயத்தில் நான் கடுமையாகவே இருப்பேன். ஒரு நாளில் எட்டுக் கடைகளுக்குப் போய் வரும் பென் ட்ரைவ் அது. சாலிட்டி போன்ற வைரஸ்கள் நல்ல மென்பொருள் கோப்புகளுக்குள்ளேயே தம்மை ஒட்டிக்கொள்ளக் கூடியவை. தயாரித்தவரிடம் சுத்தமாக இருந்த கோப்பு உங்கள் மேசைக்கு வரும்போது நோயுடன் வந்திருக்கலாம். அவரும் பொய் சொல்லவில்லை, அன்டி வைரஸும் பொய் சொல்லவில்லை. அந்தக் கோப்பை அழித்துவிட்டு, தயாரித்தவரின் இணையத்தளத்திலிருந்து நேரடியாகத் தரவிறக்கிப் பாருங்கள். பாதி முறைப்பாடுகள் இதோடு முடிந்துவிடும்.

அடுத்து, எச்சரிக்கையில் உள்ள பெயரை வாசியுங்கள். டிபென்டரில் புரொடெக்ஷன் ஹிஸ்டரி என்ற பகுதியில் அது பதிவாகியிருக்கும். பெயரில் ஜென், ஹியூர் என்றோ, முடிவில் எம்.எல். என்றோ இருந்தால் பெரும்பாலும் அது ஊகத்தில் பிடித்தது. தவறாக இருக்க இடமுண்டு. பி.யூ.ஏ. என்றால் விளம்பரம் போன்ற வேண்டாத சாமான் ஏதோ கூட வருகிறது. சாலிட்டி போலக் குறிப்பான பெயரோடு வந்தால் விளையாட வேண்டாம்.

பிறகு கோப்பின் மீது வலது கிளிக் செய்து, புரொப்பர்டீஸில் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறதா, அது யாருடையது என்று பாருங்கள். கையொப்பம் கோப்பு எங்கிருந்து வந்தது என்பதைத்தான் காட்டும். நல்லதா கெட்டதா என்பதைக் காட்டாது.

வைரஸ்டோட்டல் எனும் இணையத்தளம் 2004இல் ஸ்பெயினில் தொடங்கப்பட்டு, 2012இல் கூகிளின் கைக்கு வந்தது. ஒரு கோப்பைக் கொடுத்தால் சுமார் எழுபது அன்டி வைரஸ்கள் அதைப் பற்றி என்ன சொல்கின்றன என்று இலவசமாகவே காட்டும். பெயர் கேள்விப்படாத இரண்டு மூன்று மட்டும் சந்தேகித்து, பெரிய நிறுவனங்கள் மௌனமாக இருந்தால் தவறான எச்சரிக்கையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இருபது முப்பது சேர்ந்து பிடித்தால் பேச்சே வேண்டாம். இடைப்பட்ட நிலையென்றால் ஓரிரு நாள் பொறுத்து மீண்டும் பாருங்கள். தவறென்றால் எண்ணிக்கை குறையும், உண்மை நோயென்றால் கூடும். ஒரு விடயம்: அங்கே போடும் கோப்பு பாதுகாப்பு நிறுவனங்களுக்கும் கிடைக்கும். மென்பொருளைப் போடலாம், உங்கள் கடன் பேரேட்டையோ வாடிக்கையாளர் பட்டியலையோ ஒருபோதும் போடாதீர்கள்.

தவறான எச்சரிக்கை என்று தெளிவானால், அன்டி வைரஸ் நிறுவனத்துக்கு அறிவியுங்கள். மைக்ரோசொப்ட் உட்படப் பல நிறுவனங்கள் இதற்கென இலவசமாக இணையப் படிவம் வைத்திருக்கின்றன. உண்மையில் இது மென்பொருள் தந்தவரின் வேலை. "அனுப்பினீர்களா, என்ன பதில் வந்தது?" என்று கேளுங்கள். தன் தொழிலை மதிப்பவர் அனுப்பியிருப்பார்.

அவசரம், நாளையே பில் போட வேண்டும் என்றால் விதிவிலக்குக் கொடுக்கலாம். அந்த ஒரு கோப்புக்கு, மிஞ்சினால் அந்த மென்பொருளின் போல்டருக்கு மட்டும் கொடுங்கள். டவுன்லோட்ஸ் போல்டருக்கோ டீ ட்ரைவ் முழுவதற்குமோ விதிவிலக்குக் கொடுத்து வைத்திருக்கும் கணினிகளைக் காண்கிறேன்; களஞ்சியத்தின் பின்கதவைத் திறந்து வைத்துவிட்டு முன்வாசலில் காவல் போட்டது போலத்தான் அது. விதிவிலக்குக் கொடுக்கு முன் கணக்குகளை வெளி ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்து, அதைக் கழற்றி வையுங்கள். எச்சரிக்கை திருத்தப்பட்ட பின் விதிவிலக்கையும் நீக்கிவிடுங்கள்.

கிரக் செய்யப்பட்ட மென்பொருளுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அன்டி வைரஸை ஓஃப் பண்ணிப் போடும் பழக்கத்தை நமது கடைகளுக்குள் கொண்டு வந்ததே அதுதான் என்பது என் அபிப்பிராயம். அதைத் தயாரித்தவரின் பெயரும் தெரியாது, முகவரியும் கிடையாது. எச்சரிக்கை தவறா என்று யாரிடம் கேட்பீர்கள்?

விதிவிலக்குக் கொடுக்கும் அதிகாரம் காசாளர் மேசையில் இருக்கும் பிள்ளையிடம் இருக்கக் கூடாது. அவருக்கு விண்டோஸில் சாதாரணக் கணக்கொன்றைத் திறந்து கொடுத்து, நிர்வாகிக் கடவுச்சொல்லை முதலாளியோ அவர் நம்பும் ஒருவரோ வைத்துக்கொண்டால், தொலைபேசியில் யார் என்ன சொன்னாலும் பெரும்பாலான மென்பொருள்கள் உங்களைக் கேட்காமல் இன்ஸ்டோல் ஆகமாட்டா.