உங்களுக்குத் தெரியுமா? முதலாளி தவறினால் வீரர் விலகலாமா?

கேரள மலையூரான சாந்தன்பாறையிலிருந்து மேற்கே மலையிறங்கினால் கொச்சி. போடிமெட்டு வழியாகக் கிழக்கே இறங்கினால் தமிழ்நாடு. முதலாளிகள் சிக்கலில் மாட்டியதால் நீக்கப்பட்ட அல்லது இடைநிறுத்தப்பட்ட ஐபிஎல் அணிகளில் இரண்டு, இந்த இரு பக்கத்து அணிகள்தான். அப்படிப்பட்ட நேரத்தில் வீரரும் பயிற்சியாளரும் விலக வழி இருக்கிறதா?

● மகேல ஜயவர்தன தலைமையில் முரளிதரனும் ஸ்ரீசாந்தும் ஆடிய கொச்சி டஸ்கர்ஸ் கேரளா, 2011-இல் ஒரே சீசனோடு நீக்கப்பட்டது. வங்கி உத்தரவாதம் தராததே காரணம் என்றது இந்தியக் கிரிக்கெட் வாரியம். நீக்கியது தவறு என்று உரிமையாளர்கள் 2015-இல் நடுவர் தீர்ப்பாயத்தில் இழப்பீடு வென்றார்கள். வீரர்களுக்கோ 35 சதவீதச் சம்பளம் வரவேயில்லை என்று பிராட் ஹாட்ஜ் 2021-இல் வெளிப்படையாகச் சொன்னார்.

● சென்னை சூப்பர் கிங்ஸ் அணி நிர்வாகி குருநாத் மெய்யப்பன் சூதாட்ட வழக்கில் 2013-இல் கைதானார். உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா குழு 2015-இல் அணியை இரண்டு ஆண்டுகள் இடைநிறுத்தியது. தோனியைப் புனேயும் ரெய்னாவை ராஜ்கோட்டும் எடுத்துக்கொண்டன. எங்கே போவது என்ற முடிவு வீரர்கள் கையில் இல்லை.

● பிடிக்காத முதலாளிக்கு ஆடியே தீர வேண்டும் என்று இந்திய நீதிமன்றம் கட்டளையிடாது. ஆனால் ஒப்பந்தக் காலத்தில் வேறு அணிக்கு ஆடத் தடை கேட்க, 1963-ஆம் ஆண்டின் ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்தின் 42-ஆம் பிரிவு இடம் தருகிறது. விலகியபின் எங்கே ஆடுவது என்பதுதான் சிக்கல்.

● கால்பந்தில் வழி தெளிவு. இரண்டு மாதச் சம்பளம் நின்றால், 15 நாள் அவகாசம் தந்து எழுத்தில் கேட்டுவிட்டு, வீரர் விலகலாம் என்கிறது ஃபிஃபாவின் 2018 விதி.

● ஊழல் தொழில் நடத்தும் முதலாளி, ஊழியரின் நம்பிக்கையைக் குலைத்து ஒப்பந்தத்தை மீறுகிறார் என்று பிரிட்டனின் பிரபுக்கள் சபை 1997-இல் ஒரு வங்கி வழக்கில் ஏற்றது. நியூகாசில் கால்பந்து அணியில், தன் விருப்பத்துக்கு எதிராக ஒரு வீரரைச் சேர்த்ததால் 2008-இல் விலகிய பயிற்சியாளர் கெவின் கீகனுக்கு, மறு ஆண்டு 20 லட்சம் பவுண்டு கிடைத்தது.

● அமெரிக்காவில் கிளிப்பர்ஸ் கூடைப்பந்து அணி முதலாளி டொனால்ட் ஸ்டெர்லிங்கின் இனவெறிப் பேச்சு 2014-இல் வெளியானது. வீரர்கள் பயிற்சிச் சட்டையை உள்புறம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டு எதிர்ப்பைக் காட்டினார்கள். ஸ்டெர்லிங்குக்கு வாழ்நாள் தடை. அணி 200 கோடி டாலருக்குக் கைமாறியது.

● இலங்கையில் தம்புள்ள தண்டர்ஸ் கிரிக்கெட் அணியின் உரிமையாளர், 2024 மே மாதம் வீரர்கள் ஏலத்துக்கு மறுநாளே ஆட்ட நிர்ணயப் புகாரில் கைதானார். அணியின் ஒப்பந்தம் ரத்தானது. புதிய உரிமையாளரின் கீழ் அது தம்புள்ள சிக்ஸர்ஸ் ஆனது.

சம்பளம் நின்றால் சட்டம் துணை நிற்கிறது; முதலாளியின் நடத்தை கெட்டால் பெரும்பாலும் வாரியத்தின் தயவுதான். அந்தக் குறையை ஒப்பந்தத்திலேயே தீர்க்க வேண்டும். முதலாளியின் குற்றம் உறுதியானால் வீரரும் பயிற்சியாளரும் பாக்கி முழுவதையும் பெற்று, விரும்பிய அணிக்குப் போகலாம் என்ற வரி அதில் இருக்க வேண்டும். மலையிலிருந்து ஆடப் போகும் பிள்ளைகள் கையெழுத்துக்கு முன் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.