ஊரை விட்டு வந்தவர்களின் கணக்கு! தங்கர் பச்சான் படங்களை ஏன் மறுபடி பார்க்க வேண்டும்?

விருத்தாசலம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குப் பீங்கான்தான் ஞாபகம் வரும். ஊரைத் தாண்டினால் முந்திரிக்காடு. பண்ருட்டிப் பக்கம் போனால் பலா. இந்த வட்டாரத்து மண்ணையும் பேச்சையும் திரைக்குக் கொண்டுவந்தவர், பண்ருட்டியை அடுத்த பத்திரக்கோட்டையில் பிறந்த தங்கர் பச்சான்.

'காதல் கோட்டை' (1996), 'பாரதி' (2000) படங்களின் ஒளிப்பதிவாளர். சிறுகதை, நாவல் எழுதுபவர். இயக்குநரானதும் அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: படித்து முன்னேறியவர்கள், ஊரில் யாரை விட்டுவிட்டு வந்தார்கள்?

அழகி (2002)

அவருடைய 'கல்வெட்டு' சிறுகதைதான் இந்தப் படம். கூடப் படித்த சண்முகம் நகரத்தில் வசதியாகிவிட, தனலட்சுமி பிள்ளையோடு நடைபாதையில் கிடக்கிறாள். வில்லன் என்று யாரும் இல்லை. தனத்தை வீட்டுக்குக் கூட்டிவரும் பார்த்திபன், உண்மை தெரிந்து தவிக்கும் மனைவி தேவயானி, வாய் திறக்காத நந்திதா தாஸ்... மூன்று பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. இளையராஜா இசையில் இந்தப் படத்துக்காகப் பாடிய சாதனா சர்கம் தேசிய விருது பெற்றார்.

பள்ளிக்கூடம் (2007)

மூடப்படும் நிலையில் இருக்கும் கிராமத்துப் பள்ளி. அதில் படித்துப் பெரிய ஆளானவர்கள் திரும்பி வருகிறார்கள். பழைய நண்பர்கள் கூடும் சந்தோஷம் மட்டுமல்ல, பள்ளிக்குப் பட்ட கடனைத் தீர்க்கும் கதை இது.

ஒன்பது ரூபாய் நோட்டு (2007)

அவருடைய நாவலே படமானது. சத்யராஜ் நடிப்பில் மறக்க முடியாத வேடம், மாதவர். ஊருக்கே சோறு போட்ட விவசாயி, பெற்ற பிள்ளைகளால் மனம் நொந்து, கையில் ஒன்பது ரூபாயோடும் மனைவியோடும் வீட்டை விட்டுக் கிளம்புகிறார். அடைக்கலம் தருபவர் பழைய நண்பர் காஜா பாய். ரத்த உறவு கைவிட்ட இடத்தில் சிநேகம் நிற்கிறது.

குறை இல்லாமல் இல்லை. சோகம் சில இடங்களில் அளவுக்கு மீறும். ஊர் என்றால் நல்லது, நகரம் என்றால் கெட்டது என்கிற சாய்வும் உண்டு. ஆனால், பாரதிராஜா நடித்த 'கருமேகங்கள் கலைகின்றன' (2023) வரை, வயதானவர்களின் மனக்குறையை அவர் விடாமல் பேசுகிறார்.

பிள்ளைகள் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்க, அப்பா அம்மா மட்டும் ஊரில் இருக்கும் வீடுகள் இன்று அதிகம். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளையா நீங்கள்? அடுத்த முறை ஊருக்குப் போகும்போது 'ஒன்பது ரூபாய் நோட்டு' படத்தை அவர்களோடு உட்கார்ந்து பாருங்கள்.